வேகம் ஏறினால் நடுங்கும் ஃபோர் வீல் டிரைவ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். பெரும்பாலானோர் இரண்டு மூன்று பாகங்களை மாற்றிவிட்டு, நடுக்கம் போகாத பிறகுதான் கேட்க வருகிறார்கள். எந்த வேகத்தில் வருகிறது, உடம்பில் எங்கே தெரிகிறது, ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் மாறுகிறதா? இந்த மூன்றையும் முதலில் கவனித்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

80ஐத் தாண்டினா ஸ்டியரிங் நடுங்குது, 110 போனா நின்னுடுது. வண்டிக்கு என்ன ஆச்சு?

முன் சக்கரத்தில் பேலன்ஸ் (சுற்றிலும் எடை சமமாக இருப்பது) போயிருக்கிறது என்பதுதான் முதல் சந்தேகம். 245/70 ஆர் 16 அளவு டயரை எடுத்துக்கொள்வோம். அது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.35 மீட்டர் ஓடும். 90 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பத்தரைச் சுற்று. ரிம் விளிம்பில் 30 கிராம் எடை ஒரு பக்கம் கூடியிருந்தால், அந்த வேகத்தில் அது ஏறக்குறைய 2.7 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும். வேகம் பாதியானால் விசை கால்வாசியாகிவிடும். 45இல் ஒன்றும் தெரியாமல் இருப்பது அதனால்தான்.

அப்படியானால் 110இல் இன்னும் மோசமாக வேண்டாமா என்று கேட்பீர்கள். விசை கூடத்தான் செய்கிறது. ஆனால் சக்கரம், ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி), ஆக்ஸில் எல்லாம் சேர்ந்து ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடைக்கு ஒரு இயல்பான அதிர்வு உண்டு. பொதுவாக நொடிக்கு 10 முதல் 15 தடவை. சக்கரச் சுற்று அந்த எண்ணிக்கையோடு ஒத்துப்போகும்போது நடுக்கம் பெரிதாகிறது, தாண்டியதும் அடங்குகிறது. ஆக, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்து போகும் நடுக்கம் என்றால் முதலில் சக்கரத்தைப் பாருங்கள்.

ஸ்டியரிங்ல ஒண்ணும் இல்ல. சீட்டுக்கு அடியிலதான் உதறுது.

ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன்பக்கம். சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின் சக்கரம் அல்லது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (இன்ஜின் விசையை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு). இது ஒரு தொடக்கக் கணிப்புதான். சேஸிஸ் மேல் பாடி உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் முன் சக்கர நடுக்கம்கூட சில சமயம் சீட்டில் போய் நிற்கும். பின் சக்கர நடுக்கம் மட்டும் ஸ்டியரிங்கை இடவலமாக ஆட்டுவது அபூர்வம்.

அலைன்மென்ட் பண்ணினா சரியாகிடுமா?

ஆகாது. அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணம். அது கெட்டிருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். நடுக்கம் என்று சொன்னதும் முதலில் அலைன்மென்டுக்கு அனுப்பும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி நானே என்னென்ன பாக்கலாம்?

முதலில் ரிம்மின் உள்பக்கம். சேற்றில் இறங்கி வந்த வண்டியில் ரிம்முக்கு உள்ளே மண் அப்பிக் காய்ந்து கிடக்கும். வெளியே பளபளவென்று கழுவியிருந்தாலும் உள்ளே இருக்கும். கைப்பிடி மண் போதும், மேலே சொன்ன 30 கிராமைப் போலப் பல மடங்கு. ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் நடுக்கத்துக்கு இதைவிடச் சாதாரணமான காரணம் கிடையாது. குழாயை உள்ளே விட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் பேலன்சிங் எடைகள். ஒட்டும் வகை எடை விழுந்திருந்தால் அந்த இடத்தில் பசையின் தடம் செவ்வகமாகத் தெரியும். வீல் நட்டுகள் எல்லாம் கம்பெனி புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுகியிருக்கின்றனவா, நான்கு டயரிலும் காற்று சரியா என்று பாருங்கள். டயரின் பக்கச் சுவரிலும் ஓடும் பரப்பிலும் உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள். எங்காவது புடைப்பு கைக்குத் தட்டுப்பட்டால் அந்த டயரை அதோடு நிறுத்துங்கள். உள்ளே பெல்ட் பிரிந்தோ நூலிழை அறுந்தோ இருக்கிறது என்று அர்த்தம், வேகத்தில் வெடிக்கக்கூடியது அது.

வண்டி பல வாரம் நின்ற இடத்திலேயே நின்றிருந்தால், தரையில் பட்ட பகுதி தட்டையாகியிருக்கும். டயர் சூடாகும் அளவுக்கு ஓட்டினால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அதற்குள் செலவு செய்ய வேண்டாம்.

ரெண்டு தடவை பேலன்சிங் பண்ணியாச்சு. மெஷின்ல ஜீரோ காட்டுது. ரோட்டுல அப்படியே இருக்கு!

மெஷின் எடையை மட்டும் அளக்கிறது. சக்கரம் வட்டமாக இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. கொஞ்சம் முட்டை வடிவமான டயரையும் எடை போட்டு ஜீரோவுக்குக் கொண்டுவந்துவிடலாம். ரோட்டில் அது ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டியை ஒரு தடவை தூக்கிப் போட்டுக்கொண்டேதான் இருக்கும். ஜாக்கியில் தூக்கி, தரையில் ஒரு கட்டையை டயருக்கு நெருக்கமாக வைத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும். மேல்கீழாக ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டியதுதான். டயரா ரிம்மா என்று பிரிக்க, அதே கட்டையை ரிம் விளிம்பருகே வைத்து இன்னொரு முறை சுற்றிப் பாருங்கள். ரிம் ஒழுங்காக ஓடி டயர் மட்டும் ஏறி இறங்கினால் குறை டயரில். ரிம்மும் சேர்ந்து ஏறி இறங்கினால், டயரை ரிம்மில் அரைச் சுற்று திருப்பிப் போடச் சொல்லலாம். இரண்டின் கோணலும் ஒன்றையொன்று ஈடுகட்டிப் பல சமயம் சரியாகிவிடும்.

அடுத்த காரணம், சக்கரத்தை மெஷினில் மாட்டிய விதம். நடு ஓட்டையில் கூம்பு சரியாக உட்காராமல் மாட்டினால் மெஷின் காட்டும் கணக்கே தப்பு. சோதிப்பது சுலபம்: ஜீரோ வந்த பிறகு சக்கரத்தைக் கழற்றி, அரைச் சுற்று திருப்பி மாட்டி, மறுபடியும் ஓட்டச் சொல்லுங்கள். 20, 30 கிராம் என்று புதிதாகக் காட்டினால் பேலன்சிங் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு எரிச்சல் வரும், வரட்டும்.

டயரை ரோலரால் அழுத்திக்கொண்டே சுற்றும் வகை மெஷின்களும் உண்டு. டயரின் ஒரு பகுதி மற்றதைவிட விறைப்பாக இருப்பதை அவைதான் கண்டுபிடிக்கும். பெரிய மட் டெரெய்ன் (சேற்றுக்கான) டயர் போட்டவர்கள் தேடிப்போவது நல்லது. பஞ்சருக்குத் திரவ சீலன்ட் ஊற்றியிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்ளே திரவம் ஓடிக்கொண்டிருக்கும் சக்கரம் ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்குக் காட்டும்.

நாலு சக்கரத்துல எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முன்னால் இருப்பதைப் பின்னாலும் பின்னால் இருப்பதை முன்னாலும் மாற்றிப் போட்டு அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். ஸ்டியரிங்கில் இருந்த நடுக்கம் சீட்டுக்குப் போனால் குற்றவாளி சக்கரம்தான். இடம் மாறாமல் அங்கேயே இருந்தால் ஹப், பேரிங், பிரேக், ஷாஃப்ட் பக்கம் தேட வேண்டும். ஸ்டெப்னி அதே அளவு டயராக இருந்தால், ஒவ்வொரு சக்கரத்துக்குப் பதிலாகவும் அதை மாட்டி ஓட்டி, எதை எடுத்தபோது நின்றது என்று பார்க்கலாம். எல்லா நேரமும் நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டியில் ஸ்டெப்னி புதிதாகவும் மற்றவை தேய்ந்தும் இருந்தால், சோதனையைச் சின்ன தூரத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். சுற்றளவு வித்தியாசம் நடு டிஃபரன்ஷியலை (முன், பின் ஷாஃப்டுகளை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) ஓயாமல் வேலை வாங்கும்.

அழகுக்கு வேற அலாய் ரிம் போட்டேன். அதிலிருந்துதான் பிரச்சினை.

ரிம்மின் நடு ஓட்டை ஹப்பின் மூக்கைவிடப் பெரிதாக இருக்கலாம். கம்பெனி ரிம் பெரும்பாலும் அந்த மூக்கில் கச்சிதமாக உட்கார்ந்து நடுவுக்கு வரும். வெளியில் வாங்கும் ரிம் பல வண்டிகளுக்குப் பொருந்த வேண்டும் என்பதால் ஓட்டையைப் பெரிதாக வைத்திருப்பார்கள். இடைவெளியை அடைக்க அளவான வளையம் கிடைக்கும், அதைப் போடுங்கள். நட்டின் இருக்கையும் முக்கியம்: கூம்பு நட்டு கேட்கும் ரிம்முக்குத் தட்டை நட்டு போட்டால் சக்கரம் நடுவில் நிற்காது, கழன்றும் போகலாம். ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் தடித்த தட்டு) போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை. ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே துரு இருந்தாலே சக்கரம் சாய்ந்து உட்காரும் என்பதால், கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்துவிட்டே மாட்டுங்கள்.

மணல்ல ஓட்ட காத்தைக் குறைச்சேன். திரும்பக் காத்து அடிச்சாச்சு, ஆனா இப்போ நடுங்குது.

காற்று குறைவாக இருந்தபோது இன்ஜின் முறுக்கில் ரிம் சுற்றி, டயர் அதன் மேல் வழுக்கியிருக்கும். ஒட்டிய எடை ரிம்மில் அதே இடத்தில் இருக்கிறது; டயரின் கனமான பக்கம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. மறுபடி பேலன்சிங் செய்ய வேண்டியதுதான். அடுத்த தடவைக்கு, வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு நகர்ந்திருந்தால் காரணம் கையில் கிடைத்துவிடும்.

சக்கரமா, ஷாஃப்டா, இன்ஜினா? இதை எப்படிப் பிரிக்கிறது?

காலியான நேர் ரோட்டில் நடுக்கம் வரும் வேகத்தைப் பிடியுங்கள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருள விடுங்கள். இன்ஜினை அணைக்கக் கூடாது, ஸ்டியரிங்கும் பிரேக்கும் இறுகிவிடும். நடுக்கம் அப்படியே தொடர்ந்தால் இன்ஜினும் கிளட்சும் தப்பித்தன. நின்றுவிட்டால் இன்ஜின் பக்கம், அல்லது விசை ஏறும்போது மட்டும் தொல்லை தரும் ஜாயிண்ட் பக்கம். அதே வேகத்தில் வேறு கியரில் ஓட்டிப் பார்ப்பது இரண்டாவது சோதனை: கியர் மாறினால் இன்ஜின் சுற்று மாறும், சக்கரச் சுற்றும் ஷாஃப்ட் சுற்றும் மாறாது.

சக்கரத்துக்கும் ஷாஃப்டுக்கும் உள்ள வித்தியாசம் அதிர்வின் வேகத்தில் இருக்கிறது. முதல் பதிலில் சொன்ன சக்கரம் நொடிக்குப் பத்தரைச் சுற்று. டிஃபரன்ஷியல் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) 4.1 என்றால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் அதே நேரத்தில் 43 சுற்றுக்கு மேல் சுற்றும். பத்து தடவை என்பது கையில் தனித்தனி உதறலாகத் தெரியும். நாற்பதுக்கு மேல் போனால் உதறல் என்று சொல்ல முடியாது, ரீங்காரம் என்று சொல்லலாம். கண்ணாடியில் பிம்பம் மங்கும், கியர் லீவர் கூசும், தரை விம்மும்.

ஃபோன்ல அதிர்வு அளக்கிற ஆப் இருக்கே, அது உதவுமா?

உதவும். ஃபோனை டாஷ்போர்டிலோ சீட் கம்பியிலோ அசையாமல் கட்டி, ஒரே வேகத்தில் அரை நிமிடம் ஓட்டி, வரைபடத்தில் எந்த ஹெர்ட்ஸில் (நொடிக்கு எத்தனை தடவை) முனை எழுகிறது என்று பாருங்கள். உங்கள் டயர் சுற்றளவை வைத்து மேலே செய்த கணக்கைப் போட்டால், 10இல் எழுவது சக்கரம், 43இல் எழுவது ஷாஃப்ட் என்று பிரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: ஆப் நொடிக்கு 100 தடவை அளந்தால் 50 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம். வண்டியை வேறொருவர் ஓட்டட்டும், நீங்கள் திரையைப் பாருங்கள்.

லிஃப்ட் கிட் போட்டேன். இப்போ கீழ இருந்து ஒரு ரீங்காரம்.

எதிர்பார்த்ததுதான். வண்டியை உயர்த்தியதும் ஷாஃப்டின் சாய்வு கூடிவிட்டது. கிராஸ் ஜாயிண்ட் (ஷாஃப்டின் முனையில் வளைந்து கொடுக்கும் சிலுவை வடிவ இணைப்பு) வளைந்த நிலையில் சுற்றும்போது, மறுமுனை ஒரே சீராகச் சுற்றாமல் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகமெடுத்து இரண்டு தடவை மந்தமாகும். 43 சுற்று என்றால் 86 தடவை. கோணம் கூடக் கூட இந்த ஏற்ற இறக்கமும் கூடும். ஷாஃப்டின் இரு முனைகளிலும் கோணம் சமமாக இருந்தால், முதல் ஜாயிண்ட் செய்யும் குழப்பத்தை இரண்டாவது சரிக்கட்டிவிடும். லிஃப்டுக்குப் பிறகு அந்தச் சமம் கெட்டுப்போயிருக்கலாம். கோணமானியை டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் ஷாஃப்டுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) விளிம்பிலும் டிஃபரன்ஷியல் விளிம்பிலும் ஷாஃப்டிலும் வைத்து அளந்தால் தெரியும். இரு முனைக் கோணங்களும் ஒரு டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஒரு முனையில் இரட்டை கிராஸ் உள்ள ஷாஃப்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே டிஃபரன்ஷியலின் மூக்கு கிட்டத்தட்ட ஷாஃப்டின் நேர்கோட்டிலேயே பார்க்க வேண்டும்.

இதே அறிகுறி, கிராஸ் மாற்றிய பிறகு திடீரென்று வருவதும் உண்டு. ஷாஃப்டின் நடுவில் உள்ள வழுக்கு இணைப்பைப் பிரித்து, ஒரு பல் தள்ளிச் சேர்த்திருப்பார்கள். இரு முனைக் கவைகளும் ஒரே நேரில் நிற்காது. பிரிக்கும் முன் பெயின்டால் ஒரு கோடு போடச் சொல்வது இதற்காகத்தான். ஷாஃப்டில் ஒட்டிய எடை கழன்றிருக்கிறதா, பாறையில் இடித்த பள்ளம் இருக்கிறதா, சேறு அப்பியிருக்கிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

கிராஸ் போயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?

வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கீழே போய் ஷாஃப்டைக் கையால் முறுக்கி மேலும் கீழும் அசையுங்கள். ஜாயிண்டில் ஆட்டமே இருக்கக் கூடாது. கப்பைச் சுற்றிச் செந்நிறத் தூள் இருந்தால் உள்ளே கிரீஸ் தீர்ந்து துரு பிடித்திருக்கிறது. மெதுவாகப் போகும்போது கீச் கீச் சத்தம், முன்னே பின்னே மாற்றும்போது டொக் என்ற அடி, இவையும் அடையாளம். ஆழமான தண்ணீரில் இறங்கி வந்தால் கிரீஸ் அடிக்க மறக்காதீர்கள்.

2எச்ல நல்லா போகுது. 4எச் போட்டா மட்டும் நடுங்குது.

2எச் என்றால் இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் விசை, 4எச் என்றால் நான்குக்கும். எப்படிப்பட்ட ரோட்டில் என்று முதலில் சொல்லுங்கள். நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியைக் காய்ந்த தார் ரோட்டில் 4எச்சில் ஓட்டினால், திருப்பங்களில் முன்னும் பின்னும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருந்தும் ஷாஃப்டுகள் பூட்டியே இருக்கும். முறுக்கம் ஏறி, வண்டி பிடித்து இழுத்து டயர் தாவும். அது கோளாறு இல்லை, அந்த ரோட்டில் 4எச் போடக் கூடாது. மண் ரோட்டில் நேராகப் போகும்போதும் நடுங்கினால், முன் ஷாஃப்டும் அதன் கிராஸும் முன் ஆக்ஸில் ஜாயிண்டுகளும் சந்தேகத்துக்கு உரியவை.

கையால் பூட்டித் திறக்கும் ஃப்ரீ வீல் ஹப் (முன் சக்கரத்தை அதன் ஆக்ஸிலோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவுவது) இருந்தால் நல்ல சோதனை ஒன்று உண்டு. 2எச்சில் ஹப்பைத் திறந்து வைத்து ஓட்டுங்கள். பிறகு ஹப்பைப் பூட்டி, அதே 2எச்சில் ஓட்டுங்கள். பூட்டியபோது முன் ஷாஃப்டைச் சக்கரங்களே சுற்றவைக்கும். அப்போது மட்டும் நடுக்கம் வந்தால் விடை கிடைத்துவிட்டது.

முன் ஷாஃப்டைக் கழட்டிட்டு ஓட்டிப் பாக்கலாமா?

தேவைக்கு மட்டும் நான்கு சக்கரம் பூட்டும் வண்டியில் 2எச்சில் தாராளமாகப் பார்க்கலாம். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டினால்தான் பின் சக்கரத்துக்கு விசை போகும். விஸ்கஸ் கப்ளிங் (கெட்டியான திரவத்தால் முன், பின் ஷாஃப்டுகளை இணைக்கும் பகுதி) வைத்த வண்டியில் இந்தச் சோதனையே வேண்டாம், அது சூடாகிக் கெடும்.

பின் ஷாஃப்டைக் கழற்றுவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சில வண்டிகளில் ஷாஃப்டின் முனை நேராக டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நுழைந்திருக்கும். உருவியதும் ஆயில் கொட்டும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஹேண்ட் பிரேக் வைத்த பழைய வண்டிகளில் பின் ஷாஃப்ட் இல்லாவிட்டால் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிக்காது. கியரில் போட்டாலும் வண்டி நகரலாம். சக்கரங்களுக்குக் கட்டை வைக்காமல் கீழே போகாதீர்கள்.

ஜாக்கில தூக்கி வச்சு, கியர் போட்டுச் சக்கரத்தைச் சுத்தவிட்டுப் பாத்தா என்ன?

வேண்டாம். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி ஓட்டினால், சாதாரண டிஃபரன்ஷியலில் அது மீட்டர் காட்டும் வேகத்தைப் போல இரண்டு மடங்கு சுற்றும். 60 என்று பார்ப்பீர்கள், சக்கரம் 120இல் ஓடும். பூட்டும் டிஃபரன்ஷியலோ லிமிடெட் ஸ்லிப்போ இருந்தால், தரையில் இருக்கும் சக்கரம் பிடித்து வண்டி ஜாக்கியில் இருந்து பாயும். கையால் சுற்றிப் பார்ப்பதிலேயே வேண்டிய அளவு தெரிந்துவிடும்.

பிரேக் பிடிச்சா மட்டும் ஆடுது.

பிரேக் டிஸ்கின் தடிமன் ஒரே சீராக இல்லை. டயர் பக்கம் போகவே வேண்டாம்.

ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா நடுக்கம், காலை எடுத்தா போயிடுது.

முன்பக்கம் சிவி ஜாயிண்ட் (கோணம் மாறினாலும் ஒரே சீராகச் சுற்றும் இணைப்பு) உள்ள வண்டியில் உள்பக்க ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். விசை ஏறும்போது பக்கவாட்டில் குலுக்கும். லிஃப்ட் செய்த வண்டியில் இது சீக்கிரமே வரும். பின்னால் இலைப் பட்டை ஸ்பிரிங் இருந்தால், விசையில் ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே தூக்கும், மேலே சொன்ன கோணக் கணக்கு அந்த நேரத்தில் மட்டும் கெடும். கிளம்பும்போது மட்டும் ஒரு குலுக்கல் என்றால் இரண்டு துண்டு ஷாஃப்டின் நடு பேரிங்கையும் பாருங்கள்.

பள்ளத்துல ஒரு சக்கரம் இறங்கினதும் ஸ்டியரிங் பேய் பிடிச்ச மாதிரி ஆடுது. வேகம் குறைச்சாதான் நிக்குது.

இது வேறு வியாதி, ஆபத்தானதும்கூட. முன்பக்கம் ஒரே தண்டாக ஆக்ஸில் உள்ள வண்டிகளில் வரும். ஒரு அடி விழுந்ததும் தொடங்கி, தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு, கிட்டத்தட்ட நிற்கும் வரை விடாது. ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு, சீராக வேகத்தைக் குறையுங்கள். பேலன்ஸ் போன டயர் இதைத் தூண்டிவிடலாம். வேர் எங்கோ உள்ள தளர்வில் இருக்கும். ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் பன்ஹார்ட் ராடின் போல்ட்டும் புஷ்ஷும் முதலில், பிறகு டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின், பேரிங். இன்ஜின் ஓடும்போது ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்ட, இன்னொருவர் கீழே ஒவ்வொரு இணைப்பிலும் கை வைத்துப் பார்த்தால் தளர்வு அகப்படும்.

புது ஸ்டியரிங் டாம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் சின்ன ஷாக் அப்சார்பர்) போட்டதும் நின்றுவிட்டது என்பார்கள். தளர்வு அங்கேயே இருக்கிறது, டாம்பர் அதை மூடி வைத்திருக்கிறது. டாம்பரை மட்டும் மாற்றிக்கொடுத்து அனுப்பும் மெக்கானிக்கிடம் நான் இரண்டாவது தடவை போக மாட்டேன்.

வீல் பேரிங் போனாலும் நடுங்குமா?

ரொம்பப் போனால் நடுங்கும். அதற்கு முன்பே உறுமல் கேட்கும், ஒரு பக்கம் திருப்பும்போது கூடி மறுபக்கம் குறையும். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங், பால் ஜாயிண்ட் ஆட்டம் தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் தெரியும். உதவிக்கு ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது பேரிங். மட் டெரெய்ன் டயரின் இரைச்சலைப் பேரிங் என்று நினைத்து மாற்றியவர்கள் ஏராளம், திருப்பத்தில் சத்தம் மாறுகிறதா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எல்லாம் பாத்தாச்சு. ஒரே வேகத்துல போனாலும் நடுக்கம் வருது, போகுது, மறுபடி வருது. என்ன கணக்கு இது?

இரண்டு சக்கரங்களில் சின்னச் சின்னக் குறை இருக்கிறது. இரண்டின் சுற்றளவும் மயிரிழை வித்தியாசப்படுவதால், ஒரு சமயம் இரண்டின் உதைப்பும் சேர்ந்து விழும், கொஞ்சம் கழித்து ஒன்றையொன்று அழிக்கும். வளைவான ரோட்டில் உள் சக்கரமும் வெளிச் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடுவதால் திருப்பம் முடிந்ததும் நடுக்கம் மாறியிருப்பதும் இதே காரணம்தான். ஒரு சக்கரத்தை மட்டும் சரிசெய்து ஓட்டினால் குறைந்த மாதிரி தெரியும், போகாது. நான்கையும் ஒரே நாளில் ஒரே மெஷினில், முன்பு சொன்ன அரைச் சுற்றுச் சோதனையோடு பேலன்ஸ் செய்து, ஒவ்வொன்றின் ஏற்ற இறக்கத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதிகம் கோணலான இரண்டைப் பின்னால் போடுங்கள். முன்னால் இருந்ததைவிடக் குறைவாகத்தான் உறுத்தும். அடுத்த டயர் மாற்றும்போது அந்த இரண்டில் இருந்து தொடங்கலாம்.